அண்ணனின் முட்டியும் என் முட்டியும்

எனக்கும் அண்ணனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் பங்குக் கோயில் மைதானத்தில் இருவரும் ஒன்றாகத்தான் வாலிபால் ஆடத் தொடங்கினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியவர்கள் வலை கட்டுவார்கள். ஆள் குறைந்தால் அண்ணனைக் கூப்பிடுவார்கள். அவனும் போதாவிட்டால் என்னை. கொஞ்ச காலத்தில் ஆள் நிறைய இருந்தபோதும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அடித்தால் பந்தை எடுக்க முடியாது என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா இளநீர் லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மாவுக்குத் தேங்காய்க் களத்தில் வேலை. அவர்களுக்கு முந்தின தலைமுறையில் எல்லாருமே தோட்டக் கூலிகள். அந்த வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளும் விளையாட்டை வைத்தே கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்தோம். அவன் ஒரு கல்லூரி, நான் வேறொன்று. இரண்டிலும் கல்லூரி அணியில் இருந்தோம். அப்பா லோடு இறக்கப் போகும் இடத்திலெல்லாம் இதைச் சொல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார்.

இரண்டாம் வருடத்தில் எங்கள் கல்லூரி மைதானத்திலேயே ஒரு ஆட்டம். வலையோரம் எழும்பி அடித்தேன். பந்து நினைத்த இடத்துக்கே போனது. இறங்கும்போது இடது கால் முதலில் தரையைத் தொட்டது. முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. ஈரக் குச்சி ஒடிவதுபோல் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன். எனக்கு வலித்ததைவிட ஆச்சரியமாக இருந்தது. யாரும் என்னை இடிக்கவில்லை. தரையில் கல் இல்லை, வழுக்கல் இல்லை. ஆயிரம் தடவை செய்ததைத்தான் அன்றும் செய்திருந்தேன்.

முட்டிக்குள் குறுக்கே ஓடும் தசைநார் அறுந்துவிட்டது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சை நடந்தது. ஊன்றுகோலோடு ஊருக்கு வந்தேன்.

பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தங்களில் அப்பாவின் அக்காவும் ஒருவர். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“பொட்டப்புள்ளய ஆம்பளைகளாட்டக் குதிக்க உட்டுப்போட்டு, இப்பப் பாரு, காலு போச்சு. அவ அண்ணனும் அதே ஆட்டந்தான ஆடறான்? அவனுக்கு ஒண்ணும் ஆவுலயே?”

அப்பா சட்டென்று கோபப்படுகிறவர் இல்லை. அன்றும் நிதானமாகத்தான் சொன்னார். “ஏனுங்க்கா, இருவது வருசமா வண்டி ஓட்டி என்ற இடுப்பு போயிருச்சுங்க. அதுக்காக வண்டி ஆம்பளைக்கு ஆவாதுன்னு ஆராச்சும் சொன்னீங்களா?”

அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்தி வைத்தார். நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் அத்தை கேட்ட கேள்வி அவரோடு எழுந்து போகவில்லை. ஒரே மைதானம், ஒரே வீட்டுச் சோறு. அண்ணன் என்னைவிடக் கனம், என்னைவிட உயரமாக எழும்புகிறவன். அவனுக்கு ஏன் அறுந்துபோகவில்லை?

அந்தக் கேள்விக்குக் காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் பதில் கிடைத்தது.

பிசியோதெரபிக்காக வாரத்தில் சில நாள் அங்கே போகவேண்டியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். பள்ளி நாட்களில் தடை ஓட்டம் ஓடியவர். அதிகம் பேசமாட்டார். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மடக்குங்க, நீட்டுங்க” என்பதோடு சரி. ஒருநாள் அண்ணன் துணைக்கு வந்திருந்தான். அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து, “நீங்களும் பிளேயருங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. அம்மணியும் நானும் ஒண்ணாத்தான் ஆடுனோம்.”

“அப்ப அந்தப் பெட்டி மேல ஏறிக் கீழ குதிங்க. குதிச்ச ஒடனே மேல எழும்பி ஒரு பந்து அடிக்கற மாதிரி செய்ங்க.”

அவன் குதித்தான். அதைத் தன் போனில் எடுத்துக்கொண்டார். என்னால் அப்போது குதிக்க முடியாது. என் பழைய ஆட்ட வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் அணித் தோழி எடுத்து அனுப்பியது ஒன்று என் போனில் இருந்தது. இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மிக மெதுவாக ஓடவிட்டார்.

அண்ணன் இறங்கினான். இடுப்பு பின்னால் போனது, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காரப்போகிறவன்போல. முட்டி இரண்டும் நன்றாக மடிந்து, கால்விரல்களுக்கு நேராகவே நின்றன.

நான் இறங்கினேன். கால்கள் கிட்டத்தட்ட நிமிர்ந்தே தரையைத் தொட்டன. இடுப்பு மடியவே இல்லை. இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று பார்க்கப் போவதுபோல் உள்ளே சாய்ந்து, பிறகு வெளியே வந்தன. நான் எத்தனையோ வருடமாக ஆடுகிறேன், என் கால் இறங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“உங்களுக்கு அடிபட்ட அன்னைக்கு இதேதான் நடந்திருக்கும். கொஞ்சம் கூடுதலா” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வருத்தத்தில் அல்ல, கோபத்தில். “அப்ப பொண்ணாப் பொறந்ததுதான் காரணமுங்களா மேடம்?”

அவர் போனை ஓரமாக வைத்தார். அன்றைக்குத்தான் அவர் அவ்வளவு நேரம் பேசிக் கேட்டேன்.

“அப்படி இல்லீங்க. சின்னப் பிள்ளைகளா இருக்கப்ப நீங்க ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குதிச்சிருப்பீங்க. வயசுக்கு வந்தப்புறம் பசங்களுக்கு உயரம் ஏறுறப்ப சதையும் கூடவே ஏறிடுது. நமக்கு எலும்பு நீளுது, இடுப்பு அகலமாகுது, ஆனா அதைப் பிடிச்சு நிறுத்தற பலம் அதே வேகத்துல தானா வர்றதில்ல. அதனால நெறைய பொண்ணுங்க வெறப்பா எறங்கறாங்க. முன்தொடையை மட்டும் நம்பி எறங்கறாங்க. பின்தொடையும் இடுப்பும் சும்மா இருக்கு. முட்டி உள்ள போயிடுது. எல்லாப் பொண்ணுகளும் அப்படி இல்ல. இதே மாதிரி எறங்கற பசங்களும் இருக்காங்க. ஆனா நம்மள்ல அதிகம்.”

“இதுக்கு என்ன பண்றதுங்க?”

“கத்துக்கணும். எழும்பறதுக்கு எத்தன வருசம் பயிற்சி எடுத்தீங்க? எறங்கறதுக்கு யாராவது ஒருநாள் சொல்லிக் கொடுத்தாங்களா?”

யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ‘இன்னும் மேல போ, இன்னும் மேல போ’ என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

அண்ணன் தன் வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு பெருமை. “அப்ப நான் பாஸுங்களா மேடம்?”

“குதிகால் தரையில படிஞ்சிருக்கணும். அப்படியே முழுசா உக்காருங்க பாக்கலாம்.”

அவன் பாதி தூரம் இறங்கினான். குதிகால் தூக்கியது. அதை அழுத்திக்கொண்டு இன்னும் இறங்கப் பார்த்து, பின்னால் சாய்ந்து, மல்லாந்து விழுந்தான். அந்த அறையில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்த பெரியவர்கூடச் சிரித்துவிட்டார்.

“உங்களுக்கு வேற கணக்கு. கணுக்காலும் தொடையும் எறுகிப் போயிருக்கு. இப்படியே ஆடுனா உங்களுக்குத் தொடையில பிடிக்கும். ரெண்டு பேரும் சேந்து பயிற்சி பண்ணுங்க” என்றார்.

அப்படித்தான் அந்தப் பயிற்சி எங்கள் இருவருடையதாகவும் ஆனது.

சனிக்கிழமைகளில் அண்ணன் உக்கடத்தில் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவான். வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில், துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சமமான தரை இருந்தது. தொடைகளைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையைப் போட்டுக்கொண்டு, அது முட்டியை உள்ளே இழுக்க, நான் வெளியே தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கவேண்டும். ஒற்றைக் காலில் நின்று குனிந்து எழவேண்டும். நான் மண்டியிட்டு நிமிர்ந்து நிற்க, அண்ணன் என் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வான். உடம்பை ஒரே பலகையாக வைத்து மெல்ல முன்னால் சாயவேண்டும். பின்தொடை தீப்பிடித்ததுபோல் எரியும். அதன் பிறகு அவன் முறை. அவன் உட்கார்ந்து எழப் பழகவேண்டும். வேலை முடிந்து வந்த அம்மா, தேங்காய் நார் ஒட்டிய சேலையோடு, அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து காட்டுவாள். குதிகால் தரையில் அப்படியே படிந்திருக்கும்.

“நாளெல்லாம் இப்படித்தான் சாமி உக்காந்திருக்கறோம். இதுக்கு ஒரு டாக்டரம்மா சொல்லோணுமா?”

“அம்மா, எங்க காலேசுல உங்களைத்தான் கோச்சாப் போடோணும்” என்பான் அவன், சுவரைப் பிடித்துக்கொண்டே.

குதிக்க அனுமதி கிடைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு செங்கல் உயரம்கூட இல்லாத பலகை. அதன்மேல் ஏறி நின்றேன். கால் நகரவில்லை. அந்தக் குச்சி ஒடியும் சத்தம் காதிலேயே இருந்தது. அண்ணன் “குதி” என்று சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, அதே பலகையில் இடம் பிடித்து நின்றான். நெடுநேரம் இருவரும் சும்மா நின்றோம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “ரெண்டு பேரும் போட்டோவுக்கு நிக்கறீங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே குதித்துவிட்டேன். முட்டி பிடித்து நின்றது. நான் அழுதேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

சத்தமில்லாமல் இறங்கப் பழகவேண்டும் என்று பிசியோ சொல்லியிருந்தார். சத்தம் அதிகமென்றால் தரை அடிப்பது முட்டியை என்று அர்த்தம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சமையல்கட்டில் வேலை செய்தபடியே தீர்ப்புச் சொல்லுவாள். “இது பையன். கதவு அதிருது.” “இது அம்மணி. கொஞ்சம் தொப்புன்னு உழுந்துட்டா.” ஒரு மாலை நான் வரிசையாகக் குதித்துக்கொண்டிருக்க, உள்ளிருந்து சத்தமே இல்லை. பிறகு வெளியே வந்து கேட்டாள்: “ஏங்கண்ணு, இன்னிக்குக் குதிக்கலியா?”

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரி அணிக்குத் திரும்பியபோது மூன்றாம் வருடம் பாதி போயிருந்தது. எங்கள் கோச் நல்ல மனிதர். எங்களுக்கும் ஆண்கள் அணிக்கும் ஒரே பயிற்சியைத்தான் கொடுப்பார். பெண்கள் என்று எதிலும் குறைக்கமாட்டார். அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது, நியாயமான கர்வம்தான். நான் போய், ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில் கொஞ்ச நேரம் குதித்து இறங்கிப் பழக ஒதுக்க வேண்டும் என்று கேட்டபோது அவர் முகம் மாறியது.

“பசங்க இதெல்லாம் பண்றதில்லையேம்மா. உங்களுக்கு மட்டும் தனியா வெச்சா, பொண்ணுங்க வீக்குன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்.”

“வீக்குன்னு இல்லீங் சார். எங்க காலு வேற மாதிரி எறங்குதுங். பந்து அடிக்கக் கத்துக் குடுத்தீங்க, கத்துக்கிட்டோம். எறங்கக் கத்துக் குடுத்தா அதையும் கத்துக்குவோமுங்.”

என் தோழி, அந்தப் பழைய வீடியோவை எடுத்தவள், தன் போனை நீட்டி, “என்னையும் எடுத்துப் பாருங்க சார்” என்றாள். அவள் குதித்தாள். அவர் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். அடுத்தவளைக் குதிக்கச் சொன்னார். அதற்கடுத்தவளை. கடைசி ஆள் குதித்து முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். எங்கள் அணியில் இரண்டு பேர் மட்டும் நேராக இறங்கினார்கள். மற்ற எல்லாருக்கும் கூடவோ குறையவோ முட்டி உள்ளே போனது.

“இத்தன வருசமா நான் பந்தைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்” என்றார்.

மறுநாளிலிருந்து பயிற்சி அதிலிருந்துதான் தொடங்கியது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருத்தி குதிக்க, மற்றவள் முட்டியைப் பார்ப்பாள். “உள்ள!” என்று கத்துவாள். கொஞ்ச நாள் மைதானம் முழுக்க அந்த ஒரே சொல்தான். ஆண்கள் அணிப் பையன்கள் வேலியோரம் நின்று, என்ன, டான்ஸ் கிளாஸா என்று கேட்டார்கள். கோச் அவர்களையும் கூப்பிட்டு வரிசையாகக் குதிக்கவிட்டார். அவர்களில் ஒரு பையனுக்கு எங்களைவிட மோசமாக முட்டி உள்ளே போனது. அவன் மறுநாள் முதல் எங்கள் வரிசையில் வந்து நின்றான். யாரும் கேலி செய்யவில்லை. நாங்களும் விட்டுக்கொடுக்கவில்லை, அவன் முட்டியைப் பார்த்தும் “உள்ள!” என்றுதான் கத்தினோம்.

அந்த வருடம் வால்பாறையில் ஒரு எஸ்டேட் மைதானத்தில் போட்டி நடந்தது. பல ஊர்களிலிருந்து பெண்கள் அணிகள் வந்திருந்தன. அம்மா களத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். நான் கல்லூரிக்குப் போன பிறகு அவள் என் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. அண்ணனும் வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

மேலே பனிமூட்டம். மைதானத்தைச் சுற்றித் தேயிலைச் சரிவு. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து ஆட்கள் ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே வாலிபால் என்றால் வேலை முடிந்த கையோடு எல்லாரும் ஆடுகிற ஆட்டம். நல்ல அடிக்குக் கைதட்டுவார்கள், மோசமான அடிக்குச் சத்தமாக வருத்தப்படுவார்கள். தரை ஈரமாக இருந்தது. கோச் எங்களைப் பார்த்து, “தரையை நம்பாதீங்க. காலை நம்புங்க” என்றார்.

இறுதி ஆட்டத்தில் நாங்களும் கொடுமுடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அணியும். அவர்கள் உயரமானவர்கள். முதல் இரண்டு செட் ஆளுக்கொன்று. மூன்றாவதில் நாங்கள் ஜெயித்தோம், நான்காவதில் அவர்கள். கடைசி செட்டில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பந்து மோசமாக வந்தது. வலைக்கு மிக அருகில், எனக்கு இடது பக்கமாக. உடம்பைக் காற்றில் திருப்பித்தான் அடிக்க முடியும். திருப்பி அடித்தால் இடது காலில்தான் இறங்க வேண்டும். அந்தக் காலில்.

அடிக்காமல் பந்தை மெல்லத் தட்டிவிட்டிருக்கலாம். அந்த யோசனை வருவதற்குள் கை வீசிவிட்டது. பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. இறங்கும் காலைத்தான் உணர்ந்தேன். பாதம் தொட்டது, முட்டி மடிந்தது, இடுப்பு பின்னால் போனது, பின்தொடை தாங்கிப் பிடித்தது. ஈரத்தில் ஷூ ஒரு விரற்கடை வழுக்கியது. முட்டி விரல்களுக்கு நேராகவே நின்றது. நான் ஒற்றைக் காலில், குனிந்தபடி, நின்றேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. பந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்குள் விழுந்திருந்தது. லயன் ஆட்கள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு புள்ளிகள் எடுத்துத்தான் ஜெயித்தோம். அந்த இரண்டையும் என் தோழி எடுத்தாள். அதைச் சொல்லாவிட்டால் அவள் என்னை விடமாட்டாள். கோப்பையை வாங்கியபோது எங்கள் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். நான் ஒவ்வொருத்தியின் காலையும் பார்த்தேன். சேறு அப்பிய, மெலிந்த, தடித்த, குட்டையான, நீளமான கால்கள். எங்களுடையவை. அவற்றை யாருடைய கால்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் கைதட்டுவதை நிறுத்தாமல் நின்றிருந்தான். என் பக்கத்தில் வந்ததும், “உள்ள போகலை. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்” என்றான்.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் முதல் வாரத்தில் நான் பந்தையே கொடுப்பதில்லை. குதித்து இறங்கத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் முட்டியையும் தனித்தனியாகப் பார்க்கிறேன். அதைப் பற்றிப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. பொறுமையாகப் பதில் சொல்வேன்.

ஆனால் நான் சொல்வதையெல்லாம்விட நன்றாக அதை ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வால்பாறையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், அம்மா எனக்கு முன் சீட்டில், முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“அந்தக் கோப்பை வெச்சிருக்கறது என்ற பொண்ணுதானுங்க. காலு ஆப்பரேசன் ஆனதுங்க” என்றாள்.

“அடடா, அப்படியும் ஆட உட்டீங்களா?”

“உடாம? ஆம்பளப்பசங்க எறங்கறது ஒரு மாதிரி, நம்ம புள்ளைக எறங்கறது ஒரு மாதிரிங்க. அது தெரியாமத்தான் அடிபட்டுப்போச்சு. இப்ப அவளே கத்துக்கிட்டா. முட்டி உள்ள போகக்கூடாதுங்க, அவ்வளவுதான். இருங்க, காட்டறேன்.”

பஸ் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலையை முட்டிக்குமேல் கொஞ்சம் தூக்கிச் செருகி, அந்த அம்மாவுக்கு முட்டி மடக்கி இறங்கிக் காட்டினாள். கண்டக்டர், “உக்காருங்கம்மா, உழுந்துருவீங்க” என்றார்.

“உழுவ மாட்டேனுங்க” என்றாள் அம்மா.